வடக்கு வரிசை, பதினேழு

செப்டம்பர் 16, செவ்வாய்

வந்து சேர்ந்தாயிற்று. காற்று வடகிழக்கு. நல்ல குளிர்.

என்ஜின் அறையில் காலம் தள்ளியவனுக்கு நோட்டில் எழுதாவிட்டால் அன்றைய நாள் நடந்த மாதிரியே இருக்காது. அதனால் எழுதுகிறேன். தூத்துக்குடியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து லண்டன், பிறகு இரண்டு ரயில், கடைசியில் ஒரு பஸ். கெல்னெஸ் என்கிற இந்த ஊருக்குச் செவ்வாயும் வெள்ளியும்தான் பஸ் உண்டாம். நாற்பது வீடு, ஒரு வேதக் கோயில், ஒரு மதுக்கடை. அதற்கு அப்புறம் ரோடு அறுந்து நிற்கிறது. குறுக்கே ஒரு கம்பி, கம்பிக்கு அந்தப் பக்கம் வெறும் காற்று, கீழே கடல். ரோட்டு நடுவில் போட்ட வெள்ளைக் கோடு விளிம்பு வரைக்கும் போய் அப்படியே நின்றுவிட்டது. மீதி ரோடு எங்கே என்று டிரைவரிடம் கேட்டேன். கடலைக் காட்டினான்.

இமிக்ரேஷன்காரன் எதற்கு வந்தாய் என்று கேட்டபோது நாக்கு குழறியது. நோட்டிடமாவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். நான் தஸ்நேவிஸ் மச்சாது, வயது அறுபத்தேழு. ரெமியின் எலும்பை எடுத்துப்போக வந்திருக்கிறேன். ரெமிஜியுஸ் வாஸ், ஒரே தெருவில் என்னோடு வளர்ந்தவன், என் மனைவி ஜெசிந்தாவின் முதல் புருஷன். 1986 ஜனவரியில் அவன் போன கப்பல் இந்தக் கடலில் மூழ்கியது. கல்யாணம் ஆகி மூன்று மாதம். எங்கள் மகள் ஜெனோவா அப்போது வயிற்றில். என்னை அப்பா என்று கூப்பிடுகிறாள், ஆனால் ரத்தம் அவனுடையது.

ஜெசிந்தாவுக்கு ஈரலில் கட்டி. அக்டோபர் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நான் போறதுக்குள்ள அவரக் கொண்டாந்திருங்க. என் பக்கத்துல வைக்கணும்" என்றாள். முப்பத்திரண்டு வருஷம் அவளோடு குடும்பம் நடத்தியவன் நான். பக்கத்தில் வைக்க வேண்டியது அவனை. சரி, கொண்டு வருகிறேன். இதற்குமேல் இதைப் பற்றி எழுதப் போவதில்லை.

செப்டம்பர் 17, புதன்

தங்கியிருப்பது பமேலா என்கிற அம்மாள் வீட்டில். வயது எழுபத்திரண்டு, தனியாள், செம்மறி வளர்த்த குடும்பம். கோயில் சாவி, ஊர்ச் சரித்திரம் இரண்டும் இவள் கையில்தான். நின்றால் சரித்திரம், உட்கார்ந்தால் சரித்திரம். டீயைக் கொடுத்துக்கொண்டே, "இப்ப இருக்கிற கோயில் மூணாவது கோயில் தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். (இவர்கள் பேசும் இங்கிலீஷை நான் தமிழில்தான் எழுதுவேன். கப்பல் இங்கிலீஷுக்கு முக்கால்வாசி புரிகிறது.) முதல் இரண்டு கோயிலும் கடலுக்குள் போய்விட்டதாம், அமைதியான நாளில் தண்ணீருக்கு அடியில் மணி கேட்குமாம். நம்மூரில் விடாத கதையா. கல்லறையைக் காட்டுங்கள் என்றேன்.

கோயிலின் வடக்குப் பக்கம், கடலைப் பார்த்து ஒரு வரிசை மரச்சிலுவை. கடல் ஒதுக்கிய அந்நியர்களுக்காம். பத்தொன்பது. ஒவ்வொன்றையும் ஒரு வீட்டார் பார்த்துக்கொள்கிறார்கள். பதினேழாவது இவளுடையது. அதில் இப்படிச் செதுக்கியிருக்கிறது: கடலிலிருந்து வந்த மனிதர், ஜனவரி 1986. பேர் இல்லை. முப்பத்தொன்பது வருஷமாக வாரா வாரம் வந்து துடைக்கிறாளாம். அடியில் சிவப்புப் பூத்தொட்டி ஒன்று வைத்திருக்கிறாள்.

சிலுவைக்குச் சிலுவை ஒன்றரை அடிகூட இல்லை. மினி பஸ்ஸில் நிற்கிற மாதிரி நிற்கின்றன. ரெமிக்கு நல்ல தோள் அகலம், எப்படித்தான் படுத்திருக்கிறானோ. இவ்வளவு புல்வெளியை வைத்துக்கொண்டு செத்தவனுக்கு இடம் கொடுக்கக் கஞ்சத்தனம் பார்த்திருக்கிறார்களே என்று எரிச்சலாக வந்தது.

விளிம்பு வரைக்கும் நடந்து அளந்தேன். பதினாலு எட்டு.

செப்டம்பர் 18, வியாழன்

கோயிலுக்குள் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதில் ஒரு புகையிலை டப்பா மூடி. ரெமியின் உடம்பு கரை ஒதுங்கியபோது உள்சட்டைப் பையில் இருந்தது. பக்கத்தில் ஒரு அட்டை: 'எழுத்து எந்த மொழி என்று தெரியவில்லை, பர்மாவாக இருக்கலாம்.' பர்மாவாம்! இடிந்தகரைப் பெண் பெனிட்டா, இங்கே பக்கத்து டவுனில் நர்ஸ், சித்திரை மாதம் சுற்றிப் பார்க்க வந்தவள் இதைக் கண்டு போட்டோ எடுத்து அனுப்பினாள். அது நாலு கை மாறி எங்கள் வீட்டுக்கு வந்தது. ஆணியால் கீறிய நாலே எழுத்து. ஜெசிந்தா.

அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் அவள் அழுதாள். "எம் பேர நெஞ்சுல வச்சிக்கிட்டே செத்திருக்காரு பாருங்க." அன்றைக்குப் பிடித்த பிடிவாதம் இது. அதுவரை ரெமி பேரைக்கூட எடுத்தவள் இல்லை.

இன்றைக்கு நேரில் பார்த்தேன். முதல் கொம்பு ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. அந்த இடத்தில் ஆணி வழுக்கிவிட்டது. வெளியே வந்து கொஞ்ச நேரம் மதில் மேல் உட்கார்ந்திருந்தேன். குளிர்தான், வேறொன்றுமில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

பாஸ்டரம்மாவைப் பார்த்தேன். சின்ன வயசு, ஆறு ஊர்க் கோயிலுக்கும் அவளே, ஒரு சின்னக் காரில் ஓடிக்கொண்டே இருக்கிறாள். இங்கே வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. தோண்டுவதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும், ஜூனிலேயே பெனிட்டா விண்ணப்பம் போட்டுவிட்டாள். உத்தரவு எந்த நாளும் வரலாமாம். 'வடக்கு வரிசை, பதினேழு' என்று பதிவேட்டில் பார்த்து எழுதியிருக்கிறது. வந்தால் மறுநாளே ஆள் ஏற்பாடு செய்கிறேன் என்றாள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். பமேலாவிடம் சொல்ல வேண்டாம். முப்பத்தொன்பது வருஷம் துடைத்துப் பூ வைத்தவள் லேசில் விடுவாளா? குறுக்கே ஒரு கடிதாசி போட்டாள் என்றால் அடுத்த வருஷத்துக்கு இழுத்துவிடும். ஜெசிந்தாவுக்கு ஏது அடுத்த வருஷம். பாஸ்டரம்மா தலையை ஆட்டினாள். பமேலா நான் சும்மா பார்த்துவிட்டுப் போக வந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைக்கட்டும்.

கட்டிலுக்கு அடியில் பெட்டி இருக்கிறது. தேக்கு. தொடை எலும்பு நீளத்துக்கு அளந்து ஆசாரி செய்தது. உள்ளே விரிக்க வெள்ளைத் துணி, ஓரம் மடித்து ஜெசிந்தா தைத்தாள். ஊசி பிடிக்க முடியாமல் நாலு நாள் தைத்தாள்.

செப்டம்பர் 22, திங்கள்

பதின்மூன்றரை எட்டு.

செப்டம்பர் 25, வியாழன்

வியாழன் தோறும் பமேலா வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டிக் கதை சொல்கிறாள். "இன்னைக்கு நீங்களும் வாங்களேன். அந்நியர் வரிசையப் பத்தி உங்களுக்குத் தெரிய வேண்டியது இருக்கு" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் ராஜா எந்த வருஷம் எந்தக் கோயில் கட்டினான் என்பது எனக்கு எதற்கம்மா, எனக்கு வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். முகம் சிவந்து போனாள். "வாசல் பலகையாவது ஒரு தடவ படிச்சுப் பாருங்க" என்றாள். கல்லறை வாசலில் பொடி எழுத்தில் ஒரு ஆள் உயரத்துக்குப் பலகை இருக்கிறது. அதைப் படித்து முடிக்கிறவனுக்குப் பட்டம் கொடுக்கலாம். கண்ணாடி எடுத்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கண்ணாடி மூக்கு மேலேயே இருந்தது.

இந்த ஊர் ஆட்கள் எதையும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. 'முடிந்தால்', 'தோன்றினால்', 'சிரமமில்லை என்றால்'. நம்மூராக இருந்தால் சட்டையைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லியிருப்பார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறி வேகவைத்தது. உப்பில்லை. நான் பேசியதற்குத் தண்டனையோ என்னமோ.

செப்டம்பர் 27, சனி

மத்தியானம் ஜெனோவா போனில் படம் காட்டிப் பேசினாள். ஜெசிந்தா தலையணைக்குள் இருக்கிறாள். ஒரு கைப்பிடிதான் இருக்கிறாள்.

"எடுத்தாச்சா?"

"உத்தரவு வரணும். வந்துரும்."

"அங்க குளிருதோ? குல்லாய போட்டுக்கோங்க. ரெமிக்குக் குளிரே ஆவாது."

செத்தவனுக்குக் குளிருமா என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. ஜெனோவா போனை வெளியே எடுத்து வந்து, "சீக்கிரம்பா. ரெண்டு நாளா கஞ்சி எறங்கல" என்றாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பூசை நேரத்தில் சிலுவைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரெமியோடு பேசினேன். தினமும் பேசுகிறேன். இன்றைக்கு ஜெனோவாவுக்கு அவன் மூக்கு என்று சொன்னேன். தலைப்பிரசவத்தில் அவள் பட்ட பாட்டைச் சொன்னேன். பேரப்பிள்ளை பைக் கேட்பதைச் சொன்னேன்.

எழுத உட்கார்ந்ததால் இதையும் எழுதி வைக்கிறேன். அந்தக் கப்பலில் போக வேண்டியது நான். 1985 நவம்பரில் எனக்குத்தான் ஏஜெண்டு சீட்டு போட்டார். எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. என் இடத்தில் ரெமி போனான். காய்ச்சல் யாருக்கும் வரக்கூடியதுதானே.

செப்டம்பர் 30, செவ்வாய்

மழை. பதின்மூன்று எட்டு. தபால்காரி வந்தாள், எனக்கு ஒன்றுமில்லை.

அக்டோபர் 1, புதன்

மழை. விளிம்பு ஓரத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு. அதில் ஒரு குச்சியைக் குத்தி வைத்தேன். சாயங்காலம் குச்சி இல்லை, குச்சி இருந்த இடமும் இல்லை.

மாதாவே, இன்னும் நாலு நாள் பிடித்து வை. தோண்ட விடு. அதற்கப்புறம் இந்த ஊரையே தின்றுகொள்ளட்டும், எனக்கென்ன.

பாஸ்டரம்மாவுக்கு ஆறு தடவை போன் போட்டேன். ஆறாவது தடவை அழுதுவிட்டேன். போனில், ஒரு சின்னப் பெண்ணிடம். வெட்கக்கேடு.

காய்ச்சல் என்று எழுதியது பொய். அக்குளில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். உடம்பு கொதித்தது, எழுதிக் கொடுத்துவிட்டார். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட ரெமி சொல்லிக்கொடுத்த வித்தை அது.

அக்டோபர் 3, வெள்ளி

வந்துவிட்டது! முத்திரை வைத்த உத்தரவு. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆட்கள் வருகிறார்கள். செவ்வாய் பஸ், புதன் விமானம், வியாழன் வீடு. ஜெசிந்தாவிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே, "அப்ப வியாழன் வரைக்கும் இருந்துக்கிடுதேன்" என்றாள். பெரிய உபகாரம் செய்கிற மாதிரி.

பெட்டியைத் துடைத்தேன். மனம் லேசாக இருந்ததால் பமேலாவின் கோழிக்கூண்டுக் கதவுக்கு ஆணி அடித்துக் கொடுத்தேன். ஞாயிறு அன்று 'நடத்தும் ஞாயிறு', கட்டாயம் இருங்கள் என்றாள். தேவதூதர் மிக்கேல் சம்மனசின் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு இந்த ஊரின் பெரிய நாளாம். சிலுவைகளைச் சுமந்து ஊர்வலம். சரி என்றேன். திங்கட்கிழமை என்ன நடக்கப்போகிறது என்று பாவம் அவளுக்குத் தெரியாது. கொஞ்சம் குற்ற உணர்ச்சியாகக்கூட இருந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு ஊர் கூடியது. முப்பது பேர் இருக்கும், ரப்பர் பூட்ஸும் மழைக்கோட்டுமாக. பாஸ்டரம்மாவுக்கு வேறு ஊரில் பூசை. பமேலா என்னிடம் வந்தாள். "என் முழங்கால் இந்த வருஷம் சரியில்ல. பதினேழ நீங்க சுமக்கறீங்களா? உங்க ஆளுதானே."

சந்தோஷமாகத்தான் குனிந்தேன். பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதையில் சுமந்திருக்கிறேன், தெரியாத வேலையா. இழுத்ததும் சிலுவை சுலபமாக வந்துவிட்டது. அடியில் ஒன்றரை அடிக்கு இரும்பு முளை. தோளில் வைத்துக்கொண்டேன். ஒரு பாட்டு. பிறகு எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டி, ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணிக்கொண்டே நடந்தார்கள். பத்து எட்டு. பத்தாவது எட்டில் நின்று அவரவர் சிலுவையை ஊன்றி மரச் சுத்தியலால் தட்டி இறக்கினார்கள். திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டு போவார்கள் என்று காத்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் போகவில்லை. ஒருவர் ஃபிளாஸ்கைத் திறந்து டீ ஊற்ற ஆரம்பித்தார்.

"ஊனுங்க" என்றாள் பமேலா.

"இங்க எதுக்கு ஊனணும்? ஆளு அங்கல்ல இருக்கான்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் திரும்பிப் பழைய வரிசையைப் பார்த்தேன். புல்லில் வரிசையாகப் பத்தொன்பது சின்னத் துளை. ஒன்றுக்கொன்று ஒன்றரை அடி. வேறு எதுவும் இல்லை. அந்தப் புல் மண்வெட்டியையே பார்த்ததில்லை.

"மிஸ்டர் மச்சாது," என்றாள், வாயில் கையை வைத்துக்கொண்டு. "உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

அவள் சொன்னதை எழுதுகிறேன். இருநூறு வருஷமாக இதுதான் இந்த ஊர் வழக்கம். இரண்டாவது கோயில் கடலுக்குள் போனபோது ஊராருடைய எலும்பையே நகர்த்த முடியவில்லை. அதற்கப்புறம் சிலுவையை மட்டும் நகர்த்துவது என்று ஆயிற்று. வருஷத்துக்குப் பத்து எட்டு. கடல் பின்னாலேயே வருகிறது, இவர்கள் சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகிறார்கள். ரெமியைப் புதைத்த இடம் இன்றைக்குத் தண்ணீருக்குள் முந்நூறு கெஜம் தள்ளி இருக்கிறது. 1993 பிப்ரவரியில் ஒரு பெருங்காற்றில் அந்த வரிசை மொத்தமும் ஒரே இரவில் இறங்கிப் போய்விட்டது. பலகையின் முதல் வரியே அதுதானாம்.

"ஆளக் கடல் கொண்டாந்துச்சு, கடலே கொண்டு போயிடுச்சு. அவர் இங்க வந்தார்ங்கிறதுக்கு நிக்க ஒரு இடம் வேணுமில்லையா?" என்றாள்.

கத்தினேன். சண்டாளி, முதல் நாளே சொல்வதற்கு என்ன, பத்தொன்பது நாளாக வெறும் புல்லோடு பேச விட்டாயே என்று தமிழிலேயே கத்தினேன். முப்பது பேரும் டீயைப் பிடித்தபடி நின்றார்கள். எலும்பை எடுத்துப்போக வந்தேன், நாளைக்குத் தோண்ட ஆள் வருகிறது என்று இங்கிலீஷிலும் கத்தினேன். "எடுத்துட்டுப் போக வந்திருக்கீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள் பமேலா.

ஆமாம். நான்தான் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று தடுத்ததும் நான்தான். மூன்று தடவை சொல்ல வந்தவளின் வாயை அடைத்ததும் நான்தான்.

சிலுவையைப் பதினேழாவது இடத்தில் ஊன்றினேன். வேறு என்ன செய்வது, தோள் வலித்தது.

93 பிப்ரவரி. அந்த மே மாதம்தான் நான் ஜெசிந்தாவுக்குத் தாலி கட்டினேன்.

அக்டோபர் 6, திங்கள்

பாஸ்டரம்மா வந்து மன்னிப்புக் கேட்டாள். தோண்டுகிற ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

நான் கீழே இறங்கினேன். ரோடு முடிகிற கம்பியில் கயிற்றைக் கட்டி, கடற்கரைக்கு, அறுபத்தேழு வயதில். கரை முழுக்கக் களிமண் சரிந்து கிடக்கிறது. கையால் தோண்டினேன். நகம் பெயர்ந்தது. அறிவுள்ளவன் செய்கிற காரியமில்லை என்று தெரியும். முப்பது வருஷத்துக்கு முன் போனவன் இந்தச் சேற்றில் எனக்காகக் காத்திருப்பானா? ஆனாலும் தோண்டினேன். ஒரு எலும்பு கிடைத்தது. முழங்கை நீளம், கழுவினால் வெள்ளையாக இருந்தது.

அதைத் துணியில் சுற்றி வந்து பெட்டிக்குள் வைத்தேன். வாசலில் நின்ற பமேலா பார்த்துவிட்டாள். ஆடு மேய்த்த குடும்பம். ரொம்பத் தணிவாக, "அது செம்மறி" என்றாள்.

"தெரியும்."

அவள் வெந்நீர் வைக்கப் போனாள்.

மூன்று மணிக்கு ஜெனோவா கூப்பிட்டாள். போனை அம்மா காதருகே பிடித்துக்கொண்டாள்.

"ரெமிய எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"பெட்டி பத்துச்சா?"

"கச்சிதமா இருக்கு. அளந்து செஞ்ச மாதிரி."

"துணி நனையாம கொண்டாங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஒண்ணு சொல்லணும். ஃபாதர்ட்ட சொல்லி வச்சிருக்கேன். மூணு பேருக்கு எடம். எடப்பக்கம் அவருக்கு. வலப்பக்கம் உங்களுக்கு."

"நீ அவனத்தான கேட்ட?" என்றேன்.

"உங்கள வேற கேக்கணுமா? நீங்க எங்கூடவேதான இருக்கிய. கூட இருக்கிறவரப் போயி யாரு கேப்பா? இவ்வளவு நாளா அதுக்குத்தான் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தியளா? நல்ல மனுசன் போங்க."

சிரித்தாள் என்று நினைக்கிறேன். இருமல் மாதிரியும் இருந்தது.

ஐயோ, முப்பத்திரண்டு வருஷம். ஒரு நாள் வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே.

அக்டோபர் 7, செவ்வாய்

ஜெசிந்தா இன்று விடிகாலை போய்விட்டாள். இங்கே மணி ஒன்றரை இருக்கும், நான் தூங்கிக்கொண்டிருந்தேன். வியாழன் வரைக்கும் இருக்கிறேன் என்றவள்.

காலையில் அந்தச் செம்மறி எலும்பை எடுத்துக்கொண்டு போய்க் கடலிலேயே போட்டேன்.

பஸ்ஸைத் தவற விட்டுவிட்டேன். பமேலா நாளைக் காலைக்கு டாக்ஸி சொல்லியிருக்கிறாள். பத்து மணிக்கு ஜெனோவா மறுபடி கூப்பிட்டாள். அழுது முடித்த குரல்.

"ஐஸ் பெட்டில வச்சிருக்கோம்பா. நீங்க வந்தப்புறந்தான் எடுக்கணும். ஃபாதர் கேக்காவ, குழி எப்படி வெட்டணும்னு. பெட்டியும் வருதுல்ல, அன்னைக்கே எடப்பக்கம் வச்சிரலாமான்னு."

"பெட்டில ஒண்ணும் இல்ல மக்கா."

"வெளங்கலப்பா."

"ஆள எப்பவோ கடல் கொண்டு போயிட்டு. நான் வந்து பாத்தது வெறுஞ் சிலுவ."

"பத்துச்சுன்னு சொன்னியளேப்பா."

"பொய் சொன்னேன்."

"அதக் கேட்டு நிம்மதியாத் தூங்கினாவப்பா. அப்படி ஒரு தூக்கம்." கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவள் அப்பன் ரெமி மாதிரியே காரியத்துக்கு வந்தாள். "அப்ப எடப்பக்கம் வேண்டாம்னு சொல்லிரவா?"

"விடச் சொல்லு. ரெண்டு பக்கமும் விடச் சொல்லு. எடப்பக்கம் வைக்க ஒண்ணு கொண்டாரேன். வலப்பக்கம் எனக்குன்னு உங்கம்மா சொன்னா. அதுல நான் படுக்கலாமா வேண்டாமான்னு நீதான் சொல்லணும்."

"என்னப்பா பேசுதிய? நீங்க படுக்காம யாரு படுப்பா?"

"ஒரு விசயம் இருக்கு மக்கா. நாப்பது வருசத்து விசயம். அதக் கேட்டுட்டுச் சொல்லு."

"இப்பச் சொல்லுங்க."

"உம் மூஞ்சியப் பாத்துத்தான் சொல்லணும். அதுவரைக்கும் வலப்பக்கத்த மூட வேண்டாம்னு மட்டும் ஃபாதர்ட்ட சொல்லு."

அக்டோபர் 8, புதன்

விடிந்ததும் பமேலா வந்தாள். கையில் கண்ணாடிப் பெட்டியின் சாவியும் அந்த மூடியும். "இது உங்க வீட்டுக்குப் போக வேண்டியது" என்றாள். ஊர்க்காரர்களைக் கேட்க வேண்டாமா என்றேன். நேற்றே கேட்டுவிட்டாளாம், வீடு வீடாகப் போய், அந்த முழங்காலோடு.

அவள் சமையலறை டிராயரிலிருந்து ஒரு ஆணி வாங்கிக்கொண்டு வடக்கு வரிசைக்குப் போனேன். 'கடலிலிருந்து வந்த மனிதர்' என்ற வரிக்குக் கீழே தமிழில் கீறினேன். ரெமிஜியுஸ் வாஸ், தூத்துக்குடி. பக்கத்தில் நின்ற பமேலா மூடியைப் பார்த்தாள், சிலுவையைப் பார்த்தாள், மறுபடி மூடியைப் பார்த்தாள். தமிழ் தெரியாதவளுக்கும் தெரிந்துவிட்டது, இரண்டும் ஒரே கை என்று. அவள் எதுவும் கேட்கவில்லை. இந்த ஊர் வழக்கம் அப்படி. பேரை எப்படிச் சொல்வது என்று மட்டும் கேட்டாள். ரெமி என்றால் போதும் என்றேன். "ரெமி, ரெமி" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அடுத்த வருஷம் தன் தங்கை மகள் சுமப்பாள், அதற்கப்புறம் அவள் பிள்ளைகள் என்றாள்.

டாக்ஸி வர இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. ஜெனோவா முன்னால் வாய் குழறினாலும் குழறும். அதனால் இங்கே எழுதிவிடுகிறேன் மக்கா. நான் நின்றுபோனால் நீயே இந்தப் பக்கத்தைப் படித்துக்கொள்.

மூடியில் உங்கம்மா பேரைக் கீறியது நான். அவள் அவனுக்கு நிச்சயமாவதற்கு முந்தி. ஒருநாள் ரெமி பார்த்துவிட்டான், உனக்குக் கல்யாணப் பரிசு என்று சொல்லித் தப்பித்தேன். அவன் நம்பினான், டப்பாவோடு வாங்கிக்கொண்டான். அந்தக் கப்பலின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறது என்று அதிலிருந்து இறங்கி வந்த ஒருவன் என்னிடம் சொன்னான். அதனால்தான் வெங்காயம். ரெமியிடம் அதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும்.

பெட்டியில் அவள் தைத்த துணி மட்டும் இருக்கிறது. மூடியை அதற்குள் வைக்க மனம் வரவில்லை. சட்டைப் பையில் போட்டிருக்கிறேன். ஓரம் குத்துகிறது.